முன்னே பெரியது, பின்னே சிறியது

கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மா வீடியோவில் அழைத்தபோது நான் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கைபேசியைக் கருவிப் பெட்டியின்மேல் சாய்த்துவைத்துவிட்டுப் பேசிக்கொண்டே துடைத்தேன். அம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "பின்சக்கரம் சின்னதாக இருக்கிறதே கண்ணு, காசு பத்தவில்லையா?" என்றாள்.

வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். நம்பவில்லை. யாரோ ஒரு கடைக்காரன் மிச்சம் கிடந்த சக்கரத்தை என் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்துவிட்டாள். அப்பா இருந்திருந்தால் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டார் என்றும் சொன்னாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நான் இப்போது வசிக்கும் கனடாவின் வட வான்கூவரில், மலை சைக்கிளோடு பிறந்தவர்கள் என்று சொல்லத் தக்கவர்களே சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்னால் 29 அங்குலம், பின்னால் 27.5. இதற்கு ஆங்கிலத்தில் 'மல்லெட்' என்று பெயர். நெற்றிப் பக்கம் ஒட்டக் கத்தரித்து, பிடரியில் நீளமாக வளரவிடும் சிகையலங்காரத்தின் பெயர் அது. முன்னால் பார்த்தால் அலுவலகம், பின்னால் பார்த்தால் கொண்டாட்டம் என்று அதைக் கேலி செய்வார்கள். அகராதியைப் புரட்டினால் மல்லெட் என்பதற்கு மடவை மீன் என்று போட்டிருக்கும். அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்ததே நல்லது.

என் உயரம் 157 சென்டிமீட்டர். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா எண்களிலும் இதுதான் முக்கியமான எண் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சைக்கிள் கற்றுக்கொண்டது தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில், அப்பாவின் கறுப்பு சைக்கிளில். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழே, ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் வலதுகாலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து மிதிக்கும் குரங்குப் பெடல்தான். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கற்றார்கள். சைக்கிள் உனக்குப் பெரிதாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. இருப்பது ஒரு சைக்கிள். உடம்பை அதற்கேற்ப வளைத்துக்கொள்ள வேண்டியது நம் வேலை.

அந்தக் கறுப்பு சைக்கிளின் டயரில் '28 x 1½' என்று போட்டிருக்கும். பல ஆண்டுகள் கழித்து, மலை சைக்கிள் பித்துப் பிடித்த பிறகுதான் அந்த எண்ணின் விசித்திரம் எனக்குப் புரிந்தது. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம்தான் சக்கரத்தின் உண்மையான அளவு. 28 x 1½ சக்கரத்துக்கு அது 635 மில்லிமீட்டர். இன்றைய '29' அங்குல மலை சைக்கிளுக்கு 622 மட்டுமே. அதாவது 28 என்று பெயர் வைத்திருந்த அப்பாவின் ரிம், 29 என்று பெயர் வைத்திருக்கும் என் ரிம்மைவிடப் பெரியது. '27.5' என்பதன் ரிம் 584. அதே 584 ரிம்முக்குப் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 26 x 1½ என்று பெயர். ஆனால் மலை சைக்கிளில் 26 என்றால் 559. நம் ஊர்ப் பெண்கள் சைக்கிளில் வரும் 26 x 1⅜ என்றால் 590. அங்குலத்தில் சொல்லப்படும் சைக்கிள் சக்கர அளவை, கல்யாணப் பத்திரிகையில் போடும் 'பி.ஏ.' மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கணக்கில் நான் நம்புவது மில்லிமீட்டரை மட்டுமே: முன்னால் 622, பின்னால் 584. விட்டத்தில் 38 மில்லிமீட்டர் வித்தியாசம், ஆரத்தில் 19.

பத்தொன்பது மில்லிமீட்டர் என்பது என் கட்டைவிரல் அகலம். இத்தனை சண்டையும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்காக.

நான் வாங்கிய முதல் நல்ல மலை சைக்கிளுக்கு இரண்டும் 29. அதுதான் அப்போது வழக்கம். பெரிய சக்கரம் வேர், கல், பள்ளம் எல்லாவற்றின் மீதும் உருண்டு போய்விடும், வேகம் குறையாது, பயம் தெரியாது என்றார்கள். பொய் இல்லை. ஃப்ரோம் மலையில், மவுண்டன் ஹைவே என்று பெயர் வைத்திருக்கும் சரளைப் பாதையில் மூச்சு வாங்க ஏறி, மேலிருந்து காட்டுத் தடங்களில் இறங்குவது இங்கே எங்கள் வார இறுதி வழிபாடு. மழைக்காடு அது. செடார் வேர்கள் பாம்புபோல் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும், எப்போதும் ஈரம், ஈரத்தின்மேல் பாசி. அந்த வேர்களில் பெரிய சக்கரம் தருகிற தைரியத்தை அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சரிவு செங்குத்தாகும்போதுதான் எனக்குச் சிக்கல் தொடங்கியது. செங்குத்தான பாறையில் இறங்கும்போது சீட்டைத் தாழ்த்திவிட்டு, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பின்சக்கரத்துக்கு மேலே உடம்பைத் தொங்கவிட வேண்டும். ஆறடி ஆளுக்குக் கால் நீளம். இடுப்புக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கும். எனக்கு அந்த இடமே கிடையாது. ஃப்ரோமில் 'லேடீஸ் ஒன்லி' என்று ஒரு தடம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மகளிர் பேருந்துபோல் இலவசமாக எதையும் தராது. கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான தடம். அங்கே ஒரு பாறை இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் தள்ளினேன். சுழன்றுகொண்டிருந்த டயர் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, கீழே உட்கார வைத்துவிட்டது. சாணை பிடிக்கிற கல்லில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் அலுவலகத்தில் நின்றபடியே வேலை பார்த்தேன். நின்று வேலை பார்ப்பது உடம்புக்கு நல்லது என்று சக ஊழியர்கள் பாராட்டினார்கள்.

எத்தனை முறை பயிற்சியாளர்கள் என்னிடம் சொல்லியிருப்பார்கள்: "இடுப்பைப் பின்னால் கொண்டு போ." போக இடமில்லை என்பதைச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவார்களோ என்று நானும் பேசாமல் இருந்தேன். அப்பாவின் சைக்கிளில் உடம்பை வளைத்துப் பழகியவள் அல்லவா. நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆனது.

இரண்டு சக்கரமும் ஒரே அளவில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பழைய வரலாற்றைப் பார்த்தால் யாருமே சொல்லவில்லை. ஆளுயர முன்சக்கரமும் தட்டு அளவு பின்சக்கரமும் கொண்ட வண்டிகளில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு உருண்டது. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செயின் வைத்த ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தபோது, அதன் முதல் வடிவத்திலும் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டும் சமமாயின. சமமானால் வசதி, ஒரே ரிம், ஒரே டயர், ஒரே டியூப், ஒரே அளவுக் கம்பி. தொழிற்சாலைக்கும் கடைக்கும் இருந்த வசதி, போகப்போக இலக்கணமாகிவிட்டது.

மோட்டார் சைக்கிளில் இந்த இலக்கணம் இல்லை. மோட்டோகிராஸ் வண்டிக்கு முன்னால் 21 அங்குலம், பின்னால் 19. சென்னையில் செய்கிற ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கு முன்னால் 21, பின்னால் 17. லடாக் போய்வந்த என் தம்பியிடம் யாரும் 'காசு பத்தவில்லையா' என்று கேட்டதில்லை.

மலை சைக்கிள் உலகத்திலும் அவ்வப்போது சிலர் முயன்றிருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் பிக் ஹிட் சைக்கிள் முன்னால் 26, பின்னால் 24 போட்டு வந்தது. சில ஆண்டுகள் கழித்து ட்ரெக் நிறுவனம் '69er' என்ற பெயரில் முன்னால் 29, பின்னால் 26 வைத்து ஒரு சைக்கிள் விற்றது. பெயரைக் கேட்டு விடலைப் பையன்கள் சிரித்தார்கள். சைக்கிள் அதிக நாள் நிலைக்கவில்லை. அப்போது 29 அங்குலத்துக்கு நல்ல டயரும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் குறைவு. மலை சைக்கிளுக்கு 26 அங்குலம் வந்த கதையும் ஆராய்ந்து எடுத்த முடிவு ஒன்றும் இல்லை. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் மலையிலிருந்து உருட்டி விளையாடிய இளைஞர்களுக்குக் கிடைத்த பழைய தடி டயர் சைக்கிள்களில் 26 இருந்தது. அவ்வளவுதான். அந்தத் தற்செயலை முப்பது ஆண்டுகள் வேதமாக ஓதினோம்.

பிறகு வந்தது போர். 26-ஐ 29 துரத்தியது, நடுவில் 27.5 நுழைந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயத்தில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலத்திலும், சுவிட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் 27.5-இலும் வந்தார்கள். கடைசித் திருப்பம்வரை ஒட்டிக்கொண்டே வந்து, ஒரு வினாடி வித்தியாசத்தில் குல்ஹாவி தங்கம் வென்றார். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு வினாடி. அதை வைத்து எதையுமே நிரூபிக்க முடியாது என்பதுதான் அதில் நிரூபணமானது. ஆனால் இரு தரப்புமே தாங்கள் வென்றதாகச் சொல்லிக்கொண்டன. கீழ்நோக்கி மட்டுமே ஓட்டும் டவுன்ஹில் பந்தயத்தில் பெரிய சக்கரம் வந்தது 2017-இல். தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார் அந்த ஆண்டு ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் 29-இல் வென்றார். மின்னார் ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். அவருடைய இடுப்புக்கும் டயருக்கும் இடையே என் வீட்டுப் பூனை தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.

குட்டை ஆட்கள் என்ன செய்வது? கலந்து போட விதி அனுமதிக்கவில்லை. சைக்கிள் என்பது சம விட்டமுள்ள இரண்டு சக்கரங்களைக் கொண்டது என்றே சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யின் விதி இலக்கணம் எழுதி வைத்திருந்தது. மலை சைக்கிளுக்கு அந்தக் கட்டு 2019 பருவத்துக்குத் தளர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்லோவேனியாவின் மாரிபோரில் நடந்த முதல் உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயத்திலேயே, பிரான்ஸின் லோயிக் புரூனி முன்னால் 29, பின்னால் 27.5 வைத்த சைக்கிளில் முதலாவதாக வந்தார். சிரிப்பு நின்றுபோனது. இன்று டவுன்ஹில் தொடக்க வரிசையில் கலப்புச் சக்கரம் சர்வ சாதாரணம். ஏற்றமும் இறக்கமும் கலந்த குறுக்குநாட்டுப் பந்தயத்தில் இன்றும் பெரும்பாலும் இரண்டும் 29-தான். அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

நான் கலந்தது பந்தயத்துக்காக இல்லை. ஒரு சனிக்கிழமை, பழைய 27.5 பின்சக்கரம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அச்சு அகலமும் பல்சக்கரம் மாட்டும் அமைப்பும் என் சைக்கிளுக்குப் பொருந்தின. டிஸ்க் பிரேக் என்பதால் ரிம்மின் அளவைப் பற்றி பிரேக்குக்குக் கவலையில்லை. பழைய சக்கரத்தைக் கழற்றினேன், இதை மாட்டினேன், செயினை ஏற்றினேன். கால் மணி நேரம். நாமும் புரூனி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு மலைக்குப் போனேன்.

முதல் இறக்கத்தில் சொர்க்கம். இரண்டாவது தடத்தில், வேர்களுக்கு நடுவே சாதாரணமாக மிதித்துப் போகும்போது, இடது பெடல் ஒரு கல்லில் 'டங்' என்று மோதியது. சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. இடது தோளில் ஒரு பெரிய ஊதா வட்டத்தோடு வீடு திரும்பி, தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். மாட்டுவதற்கு முன்பு போட்டிருக்க வேண்டிய கணக்கு.

பின்அச்சு 19 மில்லிமீட்டர் தாழ்கிறது. முன்அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆக, மொத்த சைக்கிளும் முன்அச்சைச் சுற்றிப் பின்பக்கமாகச் சாய்கிறது, நாற்காலியின் பின்கால்களை மட்டும் அறுத்துவிட்டதுபோல. என் சைக்கிளில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1160 மில்லிமீட்டர். 19-ஐ 1160-ஆல் வகுத்துக் கோணமாக மாற்றினால் சாய்வு கிட்டத்தட்ட 0.9 டிகிரி. ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாயின் கோணம் அந்த அளவுக்குப் படுத்துவிடும்; செங்குத்தில் இறங்க அது நல்லது. சீட்டின் கோணமும் அதே அளவுக்குப் பின்னால் சாயும். மேலே ஏறும்போது அது கெட்டது. ஹேண்டில்பார் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என் பக்கம் நகரும். பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சு, பின்அச்சிலிருந்து 435 மில்லிமீட்டர் முன்னால் இருப்பதால், முழு 19-உம் தாழாமல் சுமார் 12 மில்லிமீட்டர் தாழும். அந்தப் பன்னிரண்டுதான் கல்லில் போய் மோதியது.

தரையிலிருந்து 340 மில்லிமீட்டரில் இருக்க வேண்டிய கிராங்க் அச்சு 328-க்கு வந்துவிட்டது. அதிலும் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அமுங்கும்போது இன்னும் கீழே போகும். காகிதத்தில் பார்த்தால் அற்பம். ஃப்ரோம் மலையில் எந்தக் கல்லும் காகிதத்தைப் படிப்பதில்லை.

நான் சக்கரத்தைத் திருத்தும் பட்டறை வைத்திருப்பவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பேச்சுக் குறைவு. வீல் கோட்டம் எடுப்பதில் நம் ஊர் சைக்கிள் கடை அண்ணன்களுக்குச் சமமானவர். கம்பியைச் சுண்டிக் காதால் கேட்டே இறுக்கம் சொல்லிவிடுவார். என் தோளையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சக்கரத்தை மாற்றினாய், சைக்கிளை மாற்றவில்லை" என்றார். பின்பக்க ஷாக்கைப் பிடிக்கும் இணைப்பில் திருப்பிப் போடக்கூடிய ஒரு சிறு உலோகச் சில்லு இருந்தது; அதை உயரமான நிலைக்குத் திருப்பினார். சுமார் ஆறு மில்லிமீட்டரும் அரை டிகிரியும் திரும்பி வந்தன. 170 மில்லிமீட்டர் கிராங்கைக் கழற்றி 160 போட்டார். என் கால் நீளத்துக்கு முதலிலிருந்தே 160 போட்டிருக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். பெடல் கீழே வரும் ஆழத்தில் இன்னும் பத்து மில்லிமீட்டர் மிச்சம். சீட்டை அதன் தண்டவாளத்தில் முன்னுக்குத் தள்ளினார். சைக்கிள் எனக்குப் பொருந்தியது.

இந்தச் சில்லு இல்லாத சைக்கிள்களில், பின்சக்கரத்தை மட்டும் மாற்றுவது வீண் என்றே நான் சொல்வேன். சில சைக்கிள்களுக்குத் தனியாகவே இணைப்புத் தகடு விற்கிறார்கள். அது வேறு கதை. எதிர்த்திசையில், முழு 27.5 சைக்கிளுக்கு முன்னால் 29 போடுவது இன்னும் வம்பு. ஃபோர்க்கையே மாற்ற வேண்டும்; சக்கர ஆரத்தோடு ஃபோர்க்கின் நீளமும் சேர்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்; ஃபோர்க் அமுங்கும் தூரத்தைக் குறைத்தால்தான் ஓரளவு தாளம் சரியாகும். செலவைப் பார்த்தால் புது சைக்கிளுக்குச் சேமிப்பதே மேல்.

சரி, இந்தக் கட்டைவிரல் அகலம் உண்மையில் என்னதான் செய்கிறது?

முன்சக்கரம்தான் உலகத்தை முதலில் சந்திக்கிறது. பத்து சென்டிமீட்டர் உயர வேரில் சக்கரம் மோதும் கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரோடு சேர்த்து 29-க்கு ஏறக்குறைய 43 டிகிரி, 27.5-க்கு 44-க்குச் சற்று மேல். ஒரே ஒரு டிகிரி! பெரிய சக்கரத்தின் மகிமை பாடுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை. ஆனால் ஒரு இறக்கத்தில் ஆயிரம் வேர்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஒரு டிகிரி கொஞ்சம் வேகத்தையும் கொஞ்சம் துணிவையும் மிச்சம் பிடிக்கிறது. முன்சக்கரம் மாட்டிக்கொண்டால் தலைகுப்புற விழுவோம். பின்சக்கரம் மாட்டிக்கொண்டால் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். முன்னால் போகிற சக்கரம் ஏற்கனவே பாதையைத் தீர்மானித்துவிட்டது. பின்சக்கரத்துக்கு வேறு வேலைகள் இருக்கின்றன: தள்ள வேண்டும், பாரம் தாங்க வேண்டும், வளைவில் பின்தொடர வேண்டும். கம்பி குட்டையாக இருப்பதால் சிறிய சக்கரம் இறுக்கமாகவும் உறுதியாகவும் நிற்கும். குறுகிய வளைவுகளில் நான் முன்பெல்லாம் பின்பக்கத்தை ஒரு கூடைச் சுமையைப்போல இழுத்துத் திருப்புவேன். இப்போது இடுப்பைக் கொஞ்சம் அசைத்தால் அது தானாக வந்துவிடுகிறது. மின்மோட்டார் வைத்த மலை சைக்கிள்களில் இந்தக் கலப்பு பரவலானதற்கும் இதுவே காரணம். மோட்டார் இடத்தை அடைத்துக்கொள்வதால், சிறிய சக்கரம் இருந்தால்தான் பின்பகுதியைக் குட்டையாக வைக்க முடிகிறது.

எனக்கு இவற்றில் எதுவும் பெரிதில்லை. டயருக்கும் எனக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் கிடைத்தது. ஒரு சாண் இடம் வைத்திருப்பவனுக்கு இன்னொரு கட்டைவிரல் எதற்கு? ஒன்றுமே இல்லாதவளுக்கு அது முற்றம் வைத்த வீடு. 'லேடீஸ் ஒன்லி'யின் அதே பாறையில் மறுபடி இறங்கினேன். டயர் உரசவில்லை. உரசுமோ என்ற பயம் போனபோதுதான், இத்தனை நாளும் அந்தப் பயத்தினாலேயே நான் முன்னால் குந்திக்கொண்டு ஓட்டியிருக்கிறேன் என்பதும், எல்லா வளைவிலும் தடுமாறியதற்கு அதுவே காரணம் என்பதும் தெரிந்தது. என் திறமை கூடவில்லை. என் திறமைக்கு நிற்க இடம் கிடைத்தது.

இழப்பும் உண்டு. இதை விற்பவர்கள் 'இரண்டிலும் சிறந்தது' என்று சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். சாம்பாரையும் பாயசத்தையும் கலந்தால் இரண்டிலும் சிறந்தது வராது. வேர்கள் நிறைந்த ஏற்றத்தில் பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் கொஞ்சம் தயங்குவது தெரிகிறது. பெரிய சக்கரம் அங்கே சுலபமாக உருண்டு ஏறிவிடும். சமதளத்தில் சேர்த்துவைத்த வேகம் கொஞ்சம் சீக்கிரம் கரைகிறது. குறுக்குநாட்டு வீரர்கள் இரண்டும் 29-ஆகவே வைத்திருப்பது இதனால்தான். ஏற்றத்தில் வெல்கிறவனுக்குப் பின்சக்கரம் உருள்வதுதான் முக்கியம், இடுப்புக்கு இடம் முக்கியமில்லை. இதற்கு ஒரு சின்ன ஆறுதல், கியர் தானாகவே இலேசாகிவிடுகிறது. சக்கரச் சுற்றளவு சுமார் ஐந்து விழுக்காடு குறைவதால் பெடலோடு சுழலும் என் 32 பல் சக்கரம் 30 பல் சக்கரம்போல நடந்துகொள்கிறது. மெதுவாகப் போகிறேன், ஆனால் உட்கார்ந்தபடியே போகிறேன்.

டியூப் விஷயம் தனி. என் டயர்கள் டியூப் இல்லாதவை. உள்ளே பசை ஊற்றி ஓட்டுவது. என்றாலும் டயர் கிழிந்தால் டியூப் போட்டுத்தான் வீடு சேர வேண்டும். இரண்டு அளவு இருப்பதால் இரண்டு டியூப் சுமக்க வேண்டுமா? வேண்டாம். 27.5 டியூபை 29 டயருக்குள் இழுத்துப் போடலாம், அவசரத்துக்குத் தாங்கும். பழைய டயர்களை இடம் மாற்றித் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளும் சிக்கனம் மட்டும் போய்விட்டது. முன்பெல்லாம் தேய்ந்த முன்டயரைப் பின்னால் போட்டு இன்னொரு பருவம் ஓட்டுவேன். அப்பா கற்றுக்கொடுத்த பழக்கம். இப்போது முடியாது. மாதக் கடைசியில் இது நினைவுக்கு வரும்.

என்னோடு ஓட்டும் ஒரு நண்பர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல உயரம். 29 இரண்டு போட்டுப் பறப்பவர். என் சைக்கிளை ஒருநாள் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, எனக்கு இதிலே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்று சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை. அவருடைய உடம்புக்கு ஏற்கனவே சரியாக இருந்த ஒன்றில் அவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? நான் அவருடைய சைக்கிளை ஓட்டிப் பார்க்கவில்லை. பெடலுக்குக் கால் எட்டும், அதற்குமேல் சொல்வதற்கில்லை.

சில நிறுவனங்கள் சிறிய ஃப்ரேம்களுக்குச் சிறிய சக்கரம் போட்டே விற்கின்றன. ட்ரெக் பல ஆண்டுகளாக அப்படிச் செய்கிறது. வேறு சில, சிறிய அளவில் மட்டும் கலப்புச் சக்கரம் தருகின்றன. இதை நான் வரவேற்கிறேன், ஒரு முணுமுணுப்போடு. ஃப்ரேமை மட்டும் சுருக்கி, சக்கரத்தையும் கிராங்கையும் அப்படியே விட்டு, 'எஸ்' என்று ஒரு எழுத்தை ஒட்டி எங்களிடம் விற்றுக்கொண்டிருந்த காலம் நெடியது. உலகக் கோப்பையில் ஒருவர் வென்ற பிறகுதான் எங்கள் இடுப்பு கண்ணில் பட்டது.

போன மாதம் பின்டயர் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. கடைகளில் 29-தான் சுவர் முழுக்கத் தொங்குகிறது. எனக்குப் பிடித்த வடிவத்தில் 27.5 இல்லை. இணையத்தில் தேடி வரவழைத்தேன். பெட்டி வந்தது. வெளியே ஒட்டியிருந்த சீட்டில் 27.5 என்றுதான் இருந்தது. பிரித்து, தரையில் விரித்து, சக்கரத்தைப் பக்கத்தில் வைத்தேன். டயர் சுற்றிலும் பாவாடைபோல் தளர்ந்து நின்றது. பக்கவாட்டில் எழுத்தைத் தேடிப் பார்த்தேன்: 622.

அன்று மாலை அம்மா அழைத்தாள். டயரைப் பார்த்ததும், "சரியான அளவை இப்போதுதான் அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது" என்றாள். திருப்பி அனுப்புவதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, முன்டயரின் பல்லை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அதுவும் இன்னும் இரண்டு மாதம் தாங்காது. பெட்டியை மடித்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, இன்னொரு 27.5 கேட்டு எழுதினேன்.